பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் வேலை: விளையாட்டு நடத்துவதைவிடப் பங்கு பிரிப்பதே அதிகம்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஊரில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தீர்கள். இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள், வேலை செய்ய அனுமதியும் வந்தாயிற்று. ஒரு நடுத்தர நகரத்தின் பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் துறையில் கோஆர்டினேட்டர் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. "விளையாட்டு நடத்தத் தெரியும், ஆனால் ஒரு ஊருக்கே நடத்துவது எப்படி? உண்மையில் அங்கே என்னதான் வேலை?" என்பது உங்கள் கேள்வி.

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் ஒரு நகரத்தில் இதே துறையில் பார்ட் டைம் லீடராகச் சேர்ந்து சூப்பர்வைசர் வரை வந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விளையாட்டு நடத்துவது உங்களுக்குக் கீழே வேலை பார்க்கப்போகும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளின் பொறுப்பு. கோஆர்டினேட்டரின் வேலை பங்கு பிரிப்பது. குளத்தில் ஆறு லேன், ஜிம்மில் ஒரே ஒரு கோர்ட், சனிக்கிழமை காலையில் எல்லோருக்கும் பிடித்த மூன்று மணி நேரம், வரிப்பணத்தில் ஒரு சிறு தொகை. கேட்பவர்களோ ஊர் முழுக்க. யாருக்கு எது, எந்த நேரத்தில், என்ன விலைக்கு என்று பிரித்துவிட்டு, அதற்கான காரணத்தை நாலு பேர் முன்னால் சொல்லத் தெரிந்தவர்தான் இந்த வேலையில் நிலைக்கிறார். கோச்சிங் தெரிந்த பலர் இந்த வேலைக்கு வந்து திணறுவதும் இந்த இடத்தில்தான்.

நம் ஊரில் மாநகராட்சிப் பூங்கா என்றால் நடைபாதை, பெஞ்ச், ஊஞ்சல், எட்டு மணிக்கு விசில் ஊதும் வாட்ச்மேன். இங்கே அதே துறை நீச்சல் கற்றுத்தருகிறது, பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது, கோடையில் பத்து வாரம் கேம்ப் நடத்துகிறது, முதியோருக்கு மதியச் சாப்பாடு போடுகிறது, பெரியவர்களுக்கு சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஒரு ஆட்டம்) லீக் வைக்கிறது, பரதநாட்டிய வகுப்புக்கு அறை தருகிறது. வருடத்துக்கு மூன்று, நான்கு தடவை இதையெல்லாம் ஒரு கையேடாகப் போட்டு வெளியிடுவார்கள். உங்கள் நகரத்தின் கையேட்டை இன்டர்வியூவுக்கு முன் பக்கம் பக்கமாகப் படித்துவிடுங்கள். வேறு எந்தத் தயாரிப்பும் அந்த அளவுக்கு உதவாது.

இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இன்றைய சண்டைகள் பாதி புரிந்துவிடும். 1885-இல் பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியில், ஏழைக் குழந்தைகள் விளையாட ஒரு சாப்பல் (சிறு தேவாலயம்) முற்றத்தில் மணலைக் கொட்டினார்கள். பெர்லினில் இப்படிச் செய்கிறார்கள் என்று டாக்டர் மேரி சக்ரெவ்ஸ்கா எழுதிச் சொன்னதன் விளைவு அது. இருபது வருடம் கழித்து, 1905-இல், சிகாகோவின் தெற்குப் பகுதிப் பூங்காக்களில் ஃபீல்ட்ஹவுஸ்கள் திறந்தார்கள். ஜிம், குளியலறை, கூட்ட அரங்கு, வாசிப்பறை எல்லாம் ஒரே கட்டடத்தில். இறைச்சிக்கூடங்களை ஒட்டிய நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த போலந்து, லிதுவேனியக் குடும்பங்களுக்கு அவை எழும்பின. மறுவருடம் அமெரிக்க ப்ளேகிரவுண்ட் அசோசியேஷன் உருவானது. அதன் முதல் தலைவர் லூதர் குலிக். நீங்கள் பி.டி. டீச்சர் என்பதால் இதைச் சொல்கிறேன்: 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம், குளிர்காலத்தில் கூரைக்கு அடியில் ஆட ஒரு விளையாட்டு யோசித்துக் கொடு என்று கேட்டு, பாஸ்கெட்பால் பிறக்கக் காரணமானவரும் இவர்தான்.

ஆக, தொடக்கத்தில் இது வசதியில்லாதவர்களுக்கான இலவச சேவை. அது எப்படி 'கோடைக் கேம்ப் வாரத்துக்கு முந்நூறு டாலர்' என்று ஆனது? கலிஃபோர்னியாவில் இதற்கு விடை 1978. அந்த வருடம் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ப்ரொபசிஷன் 13 என்ற சட்டம் சொத்துவரியை மதிப்பில் ஒரு சதவீதத்தோடு நிறுத்தியது, மதிப்பு உயர்வையும் வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்குள் கட்டியது. உள்ளாட்சிகளின் சொத்துவரி வருமானம் ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் சரிந்தது. போலீஸையும் தீயணைப்பையும் தொட முடியாது. அதனால் கை வைத்த இடங்கள் நூலகமும் பூங்காவும். அன்றிலிருந்து ரெக்ரியேஷன் துறை தன் செலவில் எவ்வளவை கட்டணமாகவே திரும்ப எடுக்கிறது என்பது பட்ஜெட் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி ஆகிவிட்டது. காஸ்ட் ரிகவரி என்பார்கள். இந்த வார்த்தை இன்டர்வியூவில் நிச்சயம் வரும்.

அதைப் பற்றி என் கருத்து இது. எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே சதவீதம் வைக்கிற நகரம் சோம்பேறித்தனம் செய்கிறது. ஒருவருக்கு மட்டும் பயன்படுவதற்கு முழு விலை வாங்கலாம், ஊருக்கே பயன்படுவதற்கு வரிப்பணம் போகலாம். பெரியவர்களின் சாஃப்ட்பால் லீக்கும் தனிப் பியானோ வகுப்பும் முழுச் செலவையும் கட்டட்டும். பதின்வயதினருக்கான டீன் சென்டர், முதியோர் சாப்பாடு, ஆரம்ப நிலை நீச்சல் இவற்றுக்கு ஜெனரல் ஃபண்டிலிருந்து, அதாவது நகரத்தின் பொது வரிப்பணத்திலிருந்து, பணம் போடுவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. குழந்தை தண்ணீரில் மிதக்கக் கற்பது பொழுதுபோக்கு இல்லை, உயிர் விஷயம்.

வெளி ஆசிரியர்களை வைத்து நடத்தும் வகுப்புகளின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். செஸ், டான்ஸ், கோடிங், கராத்தே எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. கட்டணத்தில் 60 முதல் 70 சதவீதம் ஆசிரியருக்கு, மீதி நகரத்துக்கு என்பது வழக்கமான பங்கு. உதாரணத்துக்கு 150 டாலர் வகுப்பில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் 1,800 டாலர். 65 சதவீதம் என்றால் ஆசிரியருக்கு 1,170, நகரத்துக்கு 630. அந்த 630-இல் அறை, மின்சாரம், சுத்தம், கவுன்டரில் இருப்பவரின் சம்பளம் எல்லாம் வர வேண்டும். நாலு பேர் மட்டும் சேர்ந்தால் யாருக்கும் கட்டாது. அதனால்தான் குறைந்தபட்ச எண்ணிக்கை, அது வராவிட்டால் ரத்து. எப்போது ரத்து செய்வது என்பதில்தான் கோஆர்டினேட்டரின் அனுபவம் தெரியும். முதல் சீசனில் நாலு பேர் வந்த வகுப்பை விடாமல் நடத்தினால் மூன்றாவது சீசனில் அது நிரம்புவதும் உண்டு, நிரம்பாமலே போவதும் உண்டு. ஆசிரியர் தானே போய்ப் பெற்றோரிடம் பேசுகிறவரா என்று பாருங்கள். பேசுகிறவர் என்றால் இன்னொரு சீசன் கொடுக்கலாம்.

பதிவு நாள் காலைதான் இந்த வேலையின் உண்மையான பரீட்சை. கோடை நீச்சலுக்கான பதிவு எட்டு மணிக்குத் திறக்கிறது என்று வையுங்கள். ஊர்க்காரர்களுக்கு ஒரு வாரம் முன்னால், வெளியூர்க்காரர்களுக்கு அப்புறம். ஏழே முக்காலுக்கே ஆயிரம் பேர் லாகின் செய்து பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு லேப்டாப், ஒரு போன், கணவன் ஒன்றில் மனைவி ஒன்றில். அட்டை விவரம் முன்பே ஏற்றி வைத்திருப்பார்கள். எட்டு அடித்துச் சில நிமிடங்களில் சனிக்கிழமை ஒன்பதரை மணி ஆரம்ப வகுப்பு நிரம்பிவிடும். பத்து நிமிடத்தில் வார இறுதி முழுவதும் போய்விடும். எட்டரை மணி சுமாருக்குக் கவுன்டருக்கு ஒரு அம்மா வருவார். நர்ஸிங் ஹோமில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருப்பார், கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கும். கையில் ஒரு கவர், அதற்குள் மடித்த இருபது டாலர் நோட்டுகள். கையேட்டில் வகுப்பு எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுக் கொண்டுவந்திருப்பார். கவுன்டரில் இருக்கும் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "வெயிட்லிஸ்டில் முப்பத்தி நாலாவது இடம்" என்பாள்.

இதில் யாரும் விதி மீறவில்லை. முந்தியவர்க்கு முன்னுரிமை என்பது பார்ப்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எட்டு மணிக்கு வேகமான இன்டர்நெட்டோடு மேசையில் உட்கார முடிந்தவர்களுக்கு மட்டும் சாதகமான நியாயம். அதில் நம் ஆட்கள் கில்லாடிகள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஐ.டி. வேலை பார்க்கும் தமிழ் அப்பாக்களின் வாட்ஸ்அப் குழுவில் வகுப்பு எண்கள் முந்தின இரவே சுற்றிவிடும்.

என்ன செய்யலாம்? சில நகரங்கள் நீச்சலுக்குக் குலுக்கல் முறைக்கு மாறியிருக்கின்றன: ஒரு வாரம் முழுக்க விண்ணப்பிக்கலாம், அப்புறம் குலுக்கல். எனக்குப் பிடித்த முறை அது. அதற்கு மேலிடம் ஒப்புக்கொள்ளாவிட்டால், ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று இடத்தைக் கட்டணச் சலுகைக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கிப் பிடித்து வைக்கலாம். பணமாக வாங்கிக்கொள்ளுங்கள், காகிதப் படிவத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கையேடு வந்ததும் சலவைக் கடை, சர்ச், அபார்ட்மென்ட் அலுவலகம் என்று நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அப்புறம் வெயிட்லிஸ்ட். முதல் நாள் வகுப்புக்கு எப்போதும் ஒன்றிரண்டு பேர் வர மாட்டார்கள். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, வெயிட்லிஸ்டில் இருப்பவரைக் கூப்பிட வேண்டும். மின்னஞ்சல் அனுப்பி இருபத்தி நாலு மணி நேரம் காத்திருக்கும் தானியங்கி முறையில் பாதி இடம் வீணாகும்.

இனி ஆட்கள். கோடையில் உங்கள் கீழ் இருக்கப்போகும் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இதுதான் முதல் வேலை. லைஃப்கார்டு பயிற்சிக்குப் பதினைந்து வயது போதும். கேம்ப் லீடர்கள் உயர்நிலைப் பள்ளிக் கடைசி வருடம், கல்லூரி முதல் வருடம். ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுங்கள். மே மாதம் தேடினால் பக்கத்து நகரமும் ஐஸ்கிரீம் கடையும் நல்ல பிள்ளைகளை எடுத்துப் போயிருக்கும். சிறுவர்களைக் கவனிக்கும் எல்லோருக்கும் கைரேகைச் சோதனை சட்டப்படி கட்டாயம். குழந்தைக்குக் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் உடனே புகார் செய்ய வேண்டிய கடமை பற்றிய பயிற்சியும் உண்டு. இதில் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். "ரேகை முடிவு வரவில்லை, ஆனால் நல்ல பையன், தெரிந்தவன்" என்று யார் சொன்னாலும் சரி.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. இங்கே அரசு ஓய்வூதிய அமைப்பில் இருக்கும் நகரங்களில், பார்ட் டைம் ஊழியர் ஒரு நிதியாண்டில் 1,000 மணி நேரம் வேலை செய்துவிட்டால் அவரை ஓய்வூதியத்தில் சேர்க்க வேண்டும். அதனால் பல இடங்களில் ஆயிரத்தைத் தொடுவதற்கு முன் வேலையை நிறுத்திவிடுவார்கள். நிதியாண்டு ஜூலை ஒன்றில் தொடங்குகிறது. மே மாதம் உங்கள் மிகச் சிறந்த லீடருக்கு மணி நேரம் தீர்ந்துவிட்டது என்று அட்டவணை சொல்லும். அவனை நம்பித்தான் நாற்பது பிள்ளைகளை விட்டிருப்பீர்கள். இந்த மணிக்கணக்கை ஜூலையிலிருந்தே வாரா வாரம் பாருங்கள். இது அந்தப் பிள்ளைகளுக்கு நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதை மாற்றுவது கோஆர்டினேட்டர் கையில் இல்லை.

பயிற்சியில் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். சின்னச் சின்னப் பழக்கங்களைச் சொல்லிக் கொடுங்கள். வேலி பக்கம் முதுகை வைத்து நில், எல்லாப் பிள்ளைகளும் உன் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் தலை எண்ணு: மைதானத்திலிருந்து கழிவறைக்கு, கழிவறையிலிருந்து சாப்பாட்டுக்கு. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல். குழந்தை காணாமல் போவது இடையில் நடக்கும் அந்த நாற்பதடி தூரத்தில்தான். அமெரிக்கக் கேம்ப் சங்கத்தின் பகல்நேர அளவுகோல்படி ஆறு முதல் எட்டு வயதுக்கு எட்டுப் பேருக்கு ஒருவர், ஒன்பது முதல் பதினாலு வயதுக்குப் பத்துப் பேருக்கு ஒருவர். அளவு இதற்கு மேல் போனால் நிகழ்ச்சியைச் சுருக்குங்கள், இருக்கிற ஆள் தலையிலேயே இன்னும் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

குளத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். தன் பகுதி முழுவதையும் பத்து நொடிக்குள் கண்ணால் ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும், ஆபத்து தெரிந்தால் இருபது நொடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது லைஃப்கார்டு உலகில் பிரபலமான கணக்கு. மூழ்குகிறவர் சினிமாவில் காட்டுவதுபோல் கையை ஆட்டிக் கத்த மாட்டார். சத்தமே இருக்காது. தலை பின்னால் சாயும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், பார்ப்பதற்கு விளையாடுவதுபோலவே தெரியும். அதனால் நாற்காலியில் இருப்பவரை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்களும் திடீர் திடீரென்று குளத்துக்குப் போய் நில்லுங்கள். அலுவலக அறையிலிருந்து குளத்தை நடத்த முடியாது.

ஊரில் பி.டி. பீரியட் நடத்திப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. வரிசை, விசில், "அவுட் ஆனவன் ஓரமா உக்காரு" என்ற முறை இங்கே செல்லுபடியாகாது. செல்லுபடியாகாதது நல்லதுதான். மியூசிக்கல் சேர் மாதிரி ஆட்டத்தில் முதலில் அவுட் ஆகிறவன் யார்? ஓடத் தெரியாத, கூச்சமான பையன். விளையாட்டு அதிகம் தேவைப்படுகிறவனை முதல் நிமிடத்திலேயே உட்கார வைத்துவிட்டு, ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவனை இன்னும் ஓட விடுகிறோம். அவுட் ஆனவர்கள் வேறொரு வட்டத்தில் உடனே சேர்ந்து தொடரும்படி ஆட்டத்தை மாற்றுங்கள். உங்களுக்கு இது கைவந்த கலையாக இருக்கும். இன்டர்வியூவில் ஒரு விளையாட்டை எடுத்து இப்படி மாற்றிக் காட்டினாலே பாதி கிணறு தாண்டிவிடலாம்.

மைதானப் பங்கீடு தனி அரசியல். சனிக்கிழமை காலை பிள்ளைகளின் பேஸ்பால் லீக் பெர்மிட்டோடு, அதாவது அந்த நேரத்துக்கு மைதானத்தை ஒதுக்கி நகரம் தந்த அனுமதிச் சீட்டோடு, வரும். அதற்கு முன்பே நம் ஆட்கள் டென்னிஸ் பந்தும் பிளாஸ்டிக் ஸ்டம்புமாக அவுட்ஃபீல்டில் எட்டாவது ஓவர் போட்டுக்கொண்டிருப்பார்கள். "பொது இடம்தானே சார், யாரும் இல்லையே" என்பார்கள். பெர்மிட் என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. விரட்டுவது சுலபம். ஆனால் அவர்களும் வரி கட்டுகிறவர்கள்தான், அவர்கள் பங்கு அட்டவணையில் எங்கேயும் இல்லை. இதை நகரங்கள் தீர்த்திருக்கின்றன. நியூயார்க்கின் வான் கோர்ட்லண்ட் பார்க்கில் பல கிரிக்கெட் பிட்ச்கள் உண்டு. அந்த நகரத்துப் பொதுப் பள்ளிகளில் 2008-லிருந்து கிரிக்கெட் ஒரு போட்டி விளையாட்டு. வட கரோலினாவில் மோரிஸ்வில் என்ற சிறு நகரம், இந்தியக் குடும்பங்கள் நிறைய வந்து குடியேறிய ஊர், தன் சர்ச் ஸ்ட்ரீட் பார்க்கில் முறையான கிரிக்கெட் மைதானமே அமைத்தது. 2023-இல் மேஜர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் அங்கே நடந்தன. ஒரு நகராட்சிப் பூங்காவில்!

எல்லா நகரத்துக்கும் அவ்வளவு இடம் கிடையாது. ஆனால் மைதானக் கொள்கை என்று ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம். முதலில் நகரத்தின் சொந்த நிகழ்ச்சிகள், அடுத்து ஊர்ப் பிள்ளைகள் பெரும்பான்மையாக இருக்கும் சிறுவர் லீக்குகள், அப்புறம் பெரியவர்கள், கடைசியில் வணிக நிறுவனங்கள் என்பது பொதுவான வரிசை. புல்லுக்கு ஓய்வு நாளும் அதில் இருக்க வேண்டும். பிடித்து வைத்துவிட்டுப் பயன்படுத்தாத குழுவிடமிருந்து நேரத்தைத் திரும்ப எடுக்கும் விதி கட்டாயம் வேண்டும். பழைய லீக்குகள் பரம்பரைச் சொத்துபோல நேரத்தை வைத்திருப்பார்கள். புதிதாக வருபவர்களுக்கு இடம் கிடைக்கும் வழி பெரும்பாலும் இந்த ஒரு விதிதான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. 1990-களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸில் சிறுமிகளின் சாஃப்ட்பால் லீக் ஒன்றின் சார்பில், பையன்களுக்குக் கிடைக்கும் மைதானம் எங்களுக்கு இல்லை என்று நகரத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். 2004-இல் கலிஃபோர்னியாவில் வந்த சட்டம், நகரங்கள் சிறுவர் விளையாட்டிலும் பூங்கா ஒதுக்கீட்டிலும் ஆண், பெண் வேறுபாடு காட்டக் கூடாது என்று சொல்கிறது. நல்ல வெளிச்சமுள்ள மைதானம், நல்ல நேரம் யாரிடம் இருக்கிறது என்று அட்டவணையை ஒரு தடவை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

டென்னிஸ் மாதிரியே, ஆனால் சின்ன கோர்ட்டில் மட்டையால் ஆடும் பிக்கிள்பால் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்கள் வருங்கால மேலதிகாரி என்னை மன்னிக்க மாட்டார். 1965-இல் சியாட்டில் பக்கம் ஒரு தீவில் வீட்டு விளையாட்டாகத் தொடங்கியது, இன்று டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. டென்னிஸ்காரர்களுக்குக் கோர்ட் போகிறது, பக்கத்து வீட்டாருக்கு விடிய விடிய 'டொக் டொக்'. இந்தச் சண்டை நகரத்தின் பூங்காக் கமிஷன் கூட்டத்துக்கு வரும். கூட்ட அஜெண்டா 72 மணி நேரத்துக்கு முன் வெளியிடப்பட வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். உங்கள் பெயரைச் சொல்லியே திட்டுவார்கள். பதில் பேச உங்களுக்கு வாய்ப்பு இருக்காது, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு எழுதிக்கொள்ள வேண்டும். கோர்ட்டுகள் எந்த மணியில் எத்தனை பேரால் பயன்படுகின்றன என்று எண்ணி வைத்திருந்தால் அது உங்களுக்காகப் பேசும். இரு பக்கமும் "எங்க ஆளுங்கதான் ஜாஸ்தி" என்று சொல்லும்போது, எண்ணிப் பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான்.

இப்போது, கவுன்டருக்கே வராதவர்கள். பட்டியலில் இருப்பவர்களைத் திருப்திப்படுத்தவே நேரம் போய்விடும் என்பதால் இவர்கள் மறந்துபோவார்கள். வராததற்குப் பின்னால் சில நேரம் நீண்ட கதை இருக்கும். கறுப்பினத்தவருக்கும் அனுமதி தர வேண்டும் என்று வழக்குப் போட்டதும், அலபாமாவின் மான்ட்கமரி நகரம் 1959 தொடக்கத்தில் தன் பூங்காக்கள் அத்தனையையும் மூடிவிட்டது. திறக்க 1965 ஆயிற்று. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் நீச்சல்குளங்களை மூடியது. அது செல்லும் என்று 1971-இல் உச்ச நீதிமன்றமே ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது. பாட்டிக்கு நீச்சல் கற்க இடமில்லை, அம்மாவுக்குப் பயம், பிள்ளையைக் குளத்துக்கு அனுப்புவதில்லை. "அவங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று சக ஊழியர் யாராவது சொன்னால் இந்த வருடங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் உங்களைப் போன்ற ஒருவரின் கதை இருக்கிறது. 1960-களில் சிகாகோ பார்க் டிஸ்ட்ரிக்டில் ஆன் மெக்ளோன் என்ற இளம் உடற்கல்வி ஆசிரியை, அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பூங்காவில் விளையாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்காக நகர அளவில் ஒரு தடகளப் போட்டி வைக்கலாம் என்று யோசித்து, ஜனாதிபதி கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவரின் அறக்கட்டளையிடம் உதவி கேட்டார். நகர அளவோடு நிறுத்தாதீர்கள் என்று ஷ்ரைவர் சொன்னார். 1968 ஜூலை 20 அன்று சோல்ஜர் ஃபீல்டில் நடந்தது முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். அந்த ஆசிரியை பின்னாளில், ஆன் பர்க் என்ற பெயரில், இல்லினாய் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். இன்று 1990-இன் ஏ.டி.ஏ. என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி எந்தக் கேம்ப்பிலும் குறைபாடுள்ள குழந்தையைச் சேர்க்க, நியாயமான வசதி செய்து தர நகரம் கடமைப்பட்டிருக்கிறது. கூடுதல் உதவியாளர் வேண்டுமானால் அந்தச் செலவை அந்தக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது. பதிவுப் படிவத்திலேயே "என்ன உதவி வேண்டும்" என்று கேளுங்கள், கேம்ப் தொடங்குகிற திங்கட்கிழமை காலை தெரியவந்தால் யாராலும் சமாளிக்க முடியாது.

அப்புறம் நம் பெரியவர்கள். மாலையில் எந்த பே ஏரியா பூங்காவிலும் பார்க்கலாம்: ஸ்வெட்டர், ஸ்போர்ட்ஸ் ஷூ, வேட்டி அல்லது சேலை, பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து மெதுவாக நடக்கும் தாத்தா பாட்டிகள். நூறு அடி தள்ளி சீனியர் சென்டர் இருக்கும், உள்ளே நுழைந்திருக்க மாட்டார்கள். "நமக்கெல்லாம் விடுவாங்களா?" என்ற தயக்கம், பாஷைத் தயக்கம், மகன் ஆபீஸில் இருக்கும்போது யார் காரில் கொண்டுவிடுவது என்ற பிரச்சினை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மதியச் சாப்பாடு தரும் மத்திய அரசு உதவித் திட்டம் உண்டு, கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டதைப் போடலாம். ஆனால் தட்டில் சிக்கன் மட்டும் இருந்தால் எந்த மாமி வந்து உட்காருவார்? வாரத்தில் ஒரு நாள் சைவம் வைத்து, அதே நாளில் யோகாவோ கேரமோ வைத்து, பூங்காவில் நடப்பவர்களிடம் போய் நேரில் கூப்பிட்டால் வருவார்கள். முதலில் நாலு பேர், அப்புறம் அவர்களே கூட்டி வருவார்கள். தமிழ் தெரிந்த கோஆர்டினேட்டருக்கு இது தனி பலம், இன்டர்வியூவில் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கூடவே, தமிழர்களுக்கு மட்டும் செய்பவர் என்ற பெயர் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ், வியட்நாமியக் குடும்பங்களிடமும் இதே வேலையை யாரையாவது வைத்துச் செய்ய வேண்டும்.

பதின்வயதினரைப் பற்றிச் சுருக்கமாக: அவர்களுக்குக் கையேடு பயன்படாது, கதவு திறந்திருக்கும் நேரம்தான் முக்கியம். லாஸ் ஏஞ்சலஸ் 2008-இல் தொடங்கிய 'சம்மர் நைட் லைட்ஸ்' செய்ததும் அடிப்படையில் இதுதான். வன்முறை அதிகமுள்ள பகுதிகளில் கோடை இரவுகளில் பூங்காவின் விளக்குகளை அணைக்காமல், சாப்பாடும் விளையாட்டும் வைத்தார்கள். மாலை ஐந்து மணிக்குப் பூட்டும் டீன் சென்டர் யாருக்கும் பயன்படாது.

இன்டர்வியூ பற்றி. வெளிநாட்டுப் பட்டத்துக்கு மதிப்பீட்டுச் சான்றிதழை முன்பே வாங்கிவிடுங்கள், அரசு வேலைகளில் பெரும்பாலும் கேட்பார்கள். சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு), முதலுதவிச் சான்றிதழ் இப்போதே எடுத்துவிடலாம். கேள்விகள் பெரும்பாலும் சூழ்நிலைக் கேள்விகள்: குழந்தை காணவில்லை, கோபமான பெற்றோர், ஒரே அறையை இரண்டு குழு கேட்கிறது, காட்டுத்தீப் புகையால் காற்றின் தரக் குறியீடு 150-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் முதலில் யாருடைய பாதுகாப்பு, அடுத்து யாருக்குத் தகவல், அப்புறம் எதை எழுதி வைப்பது என்ற வரிசையில் பதில் சொல்லுங்கள். மாலை, வார இறுதி, சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி எல்லாம் வேலை நாள்தான் என்று வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். இந்தத் தடவை கிடைக்காவிட்டால் அதே நகரத்தில் பார்ட் டைம் லீடராகச் சேரத் தயங்காதீர்கள். இந்தத் துறையில் மேலே இருப்பவர்களில் பலர் அந்தப் படியில் கால் வைத்து வந்தவர்கள்தான்.

முடிவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளத்தை அங்கே கேட்க வேண்டாம், அது மனிதவளத் துறையோடு பேச வேண்டியது. போன கோடையில் நீச்சல் வெயிட்லிஸ்டில் எத்தனை பேர் இடம் கிடைக்காமலே நின்றார்கள், அவர்கள் ஊரின் எந்தப் பகுதி என்று யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். பதில் தயாராக இருந்தால் நல்ல இடம். பார்க்கவில்லை என்று சொன்னாலும் பரவாயில்லை, உங்கள் முதல் மாத வேலை என்னவென்று தெரிந்துவிடும்.